உங்களுக்கு நேட்டிவ் எது?

எங்கள் வீட்டுப் பின்புறத்தில், எலுமிச்சை மரத்துக்கும் வேலிக்கும் நடுவே ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு பொறி. நான் வைத்ததல்ல, பக்கத்து வீட்டு டெரக் வைத்தது. இந்த நியூசிலாந்துத் தெருவில் பாதி வீடுகளில் இப்படி ஒரு பெட்டி உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டெரக் வருவார். மூடியைத் தூக்கிப் பார்ப்பார். ஏதாவது மாட்டியிருந்தால் முகத்தில் ஒரு நிறைவுடன் எடுத்துப் போவார். எலி, கீரியைப் போன்ற ஒரு பிராணி, முள்ளெலி என்று எல்லாமே ஒரு காலத்தில் கப்பலேறி வந்தவை, இந்த மண்ணின் பறவைகளைத் தின்று தீர்த்தவை என்பது அவர் வாதம். அதில் தவறில்லை. "இவை நேட்டிவ் இல்லை" என்று அவர் சொல்லும்போது குரலில் கோபம்கூட இருக்காது. விலாசம் தப்பு என்று தபால்காரர் சொல்வதுபோலச் சொல்வார். விமானமேறி வந்த நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

குடிவந்த புதிதில் வாசல் ஓரம் நீலப் பூங்கொத்துகளோடு ஒரு செடி வரிசை இருந்தது. அகபாந்தஸ் என்று பெயர். அதுவும் நேட்டிவ் இல்லை, பிடுங்கிவிடுவது நல்லது என்றார் டெரக். பிடுங்கினேன். இங்கே நர்சரிகளில் 'நேட்டிவ்' என்று தனிப் பலகை வைத்து ஒரு வரிசை இருக்கும். அதிலிருந்து ஒரு செடி வாங்கி வந்து அதே இடத்தில் நட்டேன். டெரக் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். நல்ல செடி, நேட்டிவ்தான், ஆனால் இந்த இடத்து நேட்டிவ் இல்லை, வடக்குத் தீவுடையது என்றார். விதையை இந்தக் குன்றிலேயே பொறுக்கி முளைக்க வைத்திருந்தால்தான் முழு நேட்டிவாம். "அப்படியானால் இதையும் பிடுங்கவா?" என்று கேட்டேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து அவர் வெகுநேரம் சிரித்தார். நான் வேடிக்கை பேசவில்லை.

நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். முதலில் வானிலை, பிறகு செய்த வேலை, கடைசியில் அன்று காதில் விழுந்த ஏதாவது ஒரு சொல் என்பது பல வருட ஒழுங்கு. நேட்டிவ் என்ற சொல் அந்தக் கடைசி வரிகளில் அடிக்கடி வந்துகொண்டே இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், விடுப்பு கேட்கும்போது மேலாளரிடம் ஆங்கிலத்தில், நேட்டிவுக்குப் போகிறேன் என்றேன். அந்த அம்மாள் புருவத்தை உயர்த்தி, "நேட்டிவ்... என்ன?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவருக்கு வாக்கியம் முடியவில்லை. எனக்கு முடிந்துவிட்டது. பிற்பாடு உடன் வேலை பார்க்கும் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, செடிக்கும் பறவைக்கும் அந்தச் சொல் சரி, மனிதர்களுக்கு வேண்டாம் என்று தணிந்த குரலில் சொன்னார். இங்குள்ள பூர்வகுடிகளை அந்தச் சொல்லால் அழைத்து, அவர்களுக்கென்று ஓர் அரசு இலாகாவுக்கே அந்தப் பெயரை வைத்திருந்த காலம் ஒன்று இருந்ததாம். இப்போது அது வாயில் வரக்கூடாத சொல். நம் ஊரில் கல்யாணப் பேச்சுக்கு உட்கார்ந்தால் காப்பிக்கு முன்னால் வருகிற சொல்.

மகள் சிறியவளாக இருந்தபோது பள்ளியில் கிறிஸ்துமஸ் சமயம் 'நேட்டிவிட்டி' நாடகம் என்று அழைப்பு வந்தது. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது தாசில்தார் அலுவலகம். நேட்டிவிட்டி சர்டிபிகேட்டுக்காக அப்பாவோடு விருத்தாசலத்தில் வரிசையில் நின்றவன் நான். அரங்கில் போய் உட்கார்ந்த பிறகுதான் அது ஏசுநாதர் பிறந்த கதை என்று தெரிந்தது. மகள் ஆடாக நடித்தாள். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சொல்தான். லத்தீனில் பிறப்பதைக் குறிக்கும் ஒரு வேரிலிருந்து கிளைத்தவை. நேஷன், நேச்சர் எல்லாம் அந்த வேருக்குப் பங்காளிகள். ஒன்றும் அறியாதவனைச் சொல்லும் நயீவ்கூட பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த அதே சொல்தான். ஆக, நேட்டிவ் என்றால் பிறந்த இடம். ஆங்கிலத்தில் அவ்வளவுதான்.

தமிழில் அவ்வளவுதான் இல்லை. நாம் அதைக் கடன் வாங்கி, பின்னால் இருந்த 'ப்ளேஸ்' என்பதை வெட்டிவிட்டு, பிறந்த இடம் என்ற பொருளையும் எடுத்துவிட்டோம். சென்னையில் பிறந்து சென்னையிலேயே தலை நரைத்தவரிடம் நேட்டிவ் எது என்று கேளுங்கள், கும்பகோணம் பக்கம் என்பார். அங்கே அவர் ஒரு இரவுகூடத் தூங்கியிருக்க மாட்டார். அவர் பிறந்தது எங்கே என்று யாரும் கேட்கவில்லை, அவர் யார் என்று கேட்டார்கள். அவரும் அதற்குத்தான் பதில் சொன்னார்.

இதை நான் கற்றது நெய்வேலி டவுன்ஷிப்பில். பழுப்பு நிலக்கரிக்காக உண்டாக்கிய ஊர் அது. எல்லா மாவட்டத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். குவார்ட்டர்ஸ் கிரேடு பார்த்துக் கொடுப்பார்கள், வேறெதையும் பார்த்து இல்லை. எங்கள் வரிசையில் ஒரு பக்கம் தூத்துக்குடிக்காரர், இன்னொரு பக்கம் பாலக்காட்டுக்காரர், எதிரே ஒரு தெலுங்குக் குடும்பம். ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி கதவு, ஒரே நேரத்தில் வரும் தண்ணீர். அதனாலேயே அங்கே நேட்டிவ் எது என்ற கேள்விக்கு வேலை அதிகம். வீட்டைப் பார்த்து, தெருவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாததை அந்த ஒரு கேள்வியில் தெரிந்துகொண்டார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேர் பழக்கத்தில் கேட்டார்கள். எங்கள் அப்பா எனக்கும் அண்ணனுக்கும் சொல்லிக்கொடுத்த பதில், நெய்வேலி. அதை யாரும் ஒப்புக்கொண்டதே இல்லை. "நெய்வேலி யாருக்குடா நேட்டிவ்? அதுக்கு முன்னாடி எது?" என்று சிரிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வரிசை முழுவதிலும் அப்படிச் சொல்ல நியாயம் உள்ளவர்கள் நாங்கள் மட்டும்தான்.

எங்கள் ஊர் பூவரசங்கொல்லை. கம்மாபுரம் போகும் வழியில் இருந்தது. அதன் அடியிலும் நிலக்கரி இருந்ததால் ஊரை எடுத்துச் சற்றுத் தள்ளி வைத்தார்கள். அப்போது நான் சின்னப் பையன். பழைய ஊரில் நாங்கள் ஊரில் இல்லை. ஊர் என்றால் மேற்கே நிலம் உள்ளவர்களின் தெருக்கள். நாங்கள் ஓடைக்குக் கிழக்கே, காலனி. 'ஊருக்குப் போய் வரேன்' என்று அப்பா சொன்னால் ஓடையைத் தாண்டிப் போய்வருகிறார் என்று பொருள். தலைமுறை தலைமுறையாக மற்றவர் நிலத்தில் உழைத்தவர்கள். எங்களுக்கென்று கைப்பிடி நிலம் கிடையாது. புது இடத்தில் மனை பிரித்தபோது இப்படித்தான் இருக்கவேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. அவரவர் பழைய பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து கேட்டு வாங்கினார்கள். முடிவில் பார்த்தால் மேற்கே ஊர், கிழக்கே காலனி. புது இடத்தில் ஓடை கிடையாது. ஓடையின் அகலத்துக்கு வெறும் தரை விட்டிருந்தார்கள். இன்றைக்கும் அந்தத் தரையில் யாரும் எதுவும் கட்டவில்லை.

அப்பா கான்ட்ராக்டில் சுரங்கத்துக்குப் போய், பல வருடம் கழித்து பெர்மனென்ட் ஆகி, எங்களை டவுன்ஷிப்புக்குக் கூட்டி வந்தார். காலனியில் அவர் பெயரில் ஒரு மனை மட்டும் மிஞ்சியது. பொங்கலுக்கு டவுன்ஷிப்பே காலியாகும். எல்லோரும் பெட்டியோடு நேட்டிவுக்கு பஸ் ஏறுவார்கள். நாங்களும் போவோம், காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடுவோம். பிறகு அண்ணன் கலியபெருமாளுக்கும் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. மண்ணையும் கரியையும் கொண்டுபோகிற கன்வேயர் பெல்ட் செக்‌ஷன். நான் படித்தேன், வெளியேறினேன். அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இந்த மே மாதக் கடைசியில் ரிட்டையர் ஆனார். அதற்காகத்தான் போனேன்.

ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸை விடவேண்டும். அந்த ஊரில் யாருக்கும் இது புதிதில்லை. வாழ்நாள் முழுக்க இருந்த வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு நேட்டிவுக்குப் போவார்கள், அங்கே ஒரு வீடு காத்திருக்கும், அல்லது கட்டிக்கொள்ள நிலம் காத்திருக்கும். அண்ணனுக்குக் காத்திருந்தது காலனி மனை. விஜயா அண்ணி திருவதிகைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம். அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "எங்க வேணும்னாலும் வரேன் தம்பி. காலனிக்கு மட்டும் வரமாட்டேன். இங்க எங்கள இன்னார் வூட்டுக்காரம்மான்னு கூப்புடறாங்க. அங்க போனா கெழக்காலத் தெரு பொம்பளன்னுவாங்க. அதுக்கா இவ்ளோ நாளு இருந்தோம்?" அண்ணன் தலையாட்டினார். அவர் எப்போதுமே பெல்ட் சத்தத்தில் வேலை பார்த்தவர், பேசுவதைவிடத் தலையாட்டுவது அதிகம்.

நான் போன மறுநாள் மூவருமாகப் பக்கத்து டவுனில் ஒரு வாடகை வீடு பார்க்கப் போனோம். மாடிப்படிக்குக் கீழே துளசித் தொட்டி வைத்த நல்ல வீடு. வீட்டுக்கார அம்மாள் மோர் கொடுத்து உட்காரச் சொன்னார்.

"சார் எந்த டிபார்ட்மென்ட்டு?"

"மைன்ஸுங்க. பெல்ட் செக்‌ஷன்."

"நல்லதுங்க. நேட்டிவ் எது?"

"நெய்வேலிதாங்க" என்றார் அண்ணன்.

"அது வேல பாக்கற எடமுங்க. நேட்டிவக் கேட்டேன்."

"இங்கதாங்க, கம்மாபுரம் பக்கம். பூவரசங்கொல்லை."

அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "தெரியுமே. எங்க மச்சாண்டாரு பையனுக்கு அங்கதான் பொண்ணு எடுத்தோம். ஊர்ல எந்தப் பக்கம்?"

அண்ணன் மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கெழக்கால" என்றார் அண்ணி.

அம்மாளின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் டம்ளர்களை எண்ணுவதுபோல ஒருமுறை போய் வந்தது. "அவர் வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுட்டு போன் பண்றேங்க" என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். தெருமுனை வரை நடந்தோம். பிறகு அண்ணி சொன்னார்: "போன் பண்றேன்னாங்களே, நம்பர வாங்கினாங்களா?" அண்ணன் நின்று, யோசித்து, சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். பஸ் ஏறும் வரை மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அதன் பிறகு வேறு வீடு பார்க்கப் போகவில்லை.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கு மாலை போட்டு, கூட வேலை பார்த்தவர்கள் ஒரு வேன் பிடித்து, அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். சுற்றுப்பக்க கிராமத்துக்காரர் என்றால் குவார்ட்டர்ஸ் வாசலில் விட்டால் மரியாதை இல்லை, நேட்டிவுக்கே போகவேண்டும். டிரம் செட் உண்டு, வெடி உண்டு, அங்கே சாப்பாடும் உண்டு. அண்ணனின் ஷிஃப்டில் அவருக்கு அடுத்து மூத்தவர் பாண்டியன், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எங்கள் பழைய பக்கத்து வீட்டு மாமாவுக்கு உறவு. இரண்டு வாரம் முன்பே வேன் பேசிவிட்டார்.

"குவார்ட்டர்ஸ்லயே விட்டுடு பாண்டியா, கிட்டக்க" என்றார் அண்ணன்.

"என்னண்ணே, செலவ மிச்சம் பண்ணப் பாக்கீயளா? ஆட்டுக்கறி போடாம ஒங்கள விடுறதா இல்ல. நேட்டிவ்ல எறக்கிவிட்டுட்டுத்தான் மறுசோலி."

இத்தனை வருடம் ஒன்றாக வேலை பார்த்த பாண்டியனுக்கு அண்ணனின் ஊர்ப் பெயர் தெரியும். எந்தப் பக்கம் என்று அவர் கேட்டதில்லை. தெரியாமல் கேட்கவில்லையா, தெரிந்தே கேட்கவில்லையா என்பது எனக்கு இன்றும் தெரியாது. அண்ணன் காலனியிலிருந்த சித்தப்பா மகனுக்குச் சொல்லிச் சமையலுக்கு ஏற்பாடு செய்தார். அண்ணி பட்டுப்புடவையை எடுத்து அயர்ன் செய்தார், அண்ணனுக்குத் தோல் செருப்பு ஒன்று புதிதாக வாங்கி வந்தார். முகத்தை மட்டும் எங்கள் பக்கம் திருப்பவில்லை.

மே மாத வெயில். வேனில் முன்னால் மாலையோடு அண்ணன், பின்னால் ஷிஃப்ட் ஆட்கள், கடைசி வரிசையில் நானும் அண்ணியும். மெயின் ரோட்டிலிருந்து காலனிக்குப் போக ஒரே வழி, ஊர்த் தெருவுக்குள்ளேதான் போகவேண்டும். மாரியம்மன் கோயில் முன்னால் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று குறுக்கே நின்றது. அதற்கு மேல் வேன் போகாது என்று டிரைவர் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார். "இது போதும், எறங்கி அடிச்சுக்கிட்டே போவோம்" என்றார் பாண்டியன். டிரம் முழங்க ஆரம்பித்தது. எதிரே டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் வேணு. அவருடைய அப்பா நிலத்தில்தான் எங்கள் அப்பா வேலை பார்த்தார், அவரை ஆண்டை என்று அழைத்தார். வேணுவும் நிலம் கொடுத்ததற்கு வேலை பெற்று அதே சுரங்கத்துக்கு வந்து, அண்ணனுக்கு முன்பே ரிட்டையர் ஆனவர். சுரங்கத்துக்குள் இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அண்ணன் வேனிலிருந்து இறங்கினார். தரையில் கால் பட்டதும் குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றினார்.

பாண்டியன் கோயிலைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், "ஏய், அண்ணன் அம்மனக் கும்பிடப் போறாரு, எல்லாரும் செருப்பக் கழத்துங்கப்பா" என்றார். இறங்கிய ஒவ்வொருவரும் ஷூவையும் செருப்பையும் கழற்றி வேன் ஓரமாக வரிசையாக விட்டார்கள். டிரம் அடிக்கிறவர்கள்கூடக் கழற்றினார்கள். சூடான தார் ரோட்டில் ஒரு ஷிஃப்ட் முழுவதும் கால் மாற்றி மாற்றி நின்றது. ஆனால் அண்ணன் கோயில் பக்கம் திரும்பவில்லை. கழற்றிய செருப்பைக் கீழே விடவும் இல்லை. இடது கையின் இரண்டு விரல்களில் அதை மாட்டிக்கொண்டு, தலையை லேசாகக் குனிந்து, தெருவின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

"புதுச் செருப்புண்ணே, களவு போயிரும்னு பயமா?" என்றார் பாண்டியன். எல்லோரும் சிரித்தார்கள்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பழைய ஊரில் பள்ளிக்கூடம் மேற்கே இருந்தது. அப்பாவுக்குக் கான்ட்ராக்ட் வேலை கிடைத்ததும் அண்ணனுக்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்கித் தந்தார். காலனியில் செருப்புப் போட்டுப் பள்ளிக்குப் போன முதல் பையன் அவர். ஓடை வரை காலில், ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளி வரை இடது கையில், இரண்டு விரலில். திரும்பும்போதும் அப்படியே. நான் பள்ளிக்குப் போகும் முன்பே ஊர் பெயர்ந்துவிட்டது. எனக்கு அது கேட்டறிந்தது மட்டும். புது ஊரின் இந்தத் தெருவில் செருப்பைக் கழற்று என்று யாரும் இப்போது சொல்வதில்லை, காலனிப் பையன்கள் பைக்கில் போகிறார்கள். அண்ணனும் பொங்கலுக்குப் பொங்கல் வரும்போது சைக்கிளிலோ ஆட்டோவிலோ வந்து போய்விடுவார். மாலை போட்டுக்கொண்டு, டிரம் சத்தத்தோடு, பெஞ்சுக்காரர்கள் பார்க்க இந்தத் தெருவில் அவர் கால் பதித்தது அன்றுதான்.

வேணு எழுந்து நின்றார். "இன்னா கலியா..." என்று ஆரம்பித்து, மாலையையும் சுற்றி நிற்கிறவர்களையும் பார்த்து, "கலியபெருமாளு, ரிட்டேடா?" என்று முடித்தார். அவர் கண் அண்ணனின் இடது கையில் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தால் எனக்கும் வாக்கியம் வரவில்லை.

அண்ணி வேனின் பின்கதவு வழியாக இறங்கி, பட்டுப்புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தார். அண்ணனின் பக்கத்தில் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"கீழ போடுங்க. போட்டுக்கினு நடங்க."

அண்ணன் தன் கையைப் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தவர்போலப் பார்த்தார். செருப்பைக் கீழே போட்டார். ஒரு காலை நுழைத்தார், மறு காலுக்கு அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி கும்பிடலயாண்ணே?" என்றார் பாண்டியன்.

"அப்பறமா பாண்டியா. வெயிலா இருக்குது, நீங்களும் போட்டுக்குங்க." பிறகு பெஞ்சின் பக்கம் திரும்பினார். "ஆமா வேணு, ரிட்டேடு. வூட்டாண்ட சாப்பாடு, வந்துடு."

"நீங்க முன்னால போங்க, வரேன்" என்றார் வேணு. வரவில்லை.

தெருவின் நடுவில் நடந்தோம். டிரம் செட்டுக்காரர்கள் நிறுத்தவே இல்லை. சில வீடுகளில் பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள், ஒரு வீட்டில் கதவு சாத்தினார்கள், வெயிலுக்காகவும் இருக்கலாம். அந்த வெறும் தரையைத் தாண்டிக் காலனிக்குள் நுழைந்ததும் வெடி வைத்தார்கள். பாண்டியன் ஆட்டுக்கறி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டு பேர் ஷிஃப்ட் இருக்கிறது என்று சாப்பிடாமல் கிளம்பினார்கள். ஷிஃப்ட் உண்மையிலேயே இருந்திருக்கலாம். மற்ற எல்லோரும் சாப்பிட்டார்கள். அண்ணன் மாலையைக் கழற்றாமல் ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை குவார்ட்டர்ஸில் அண்ணி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நான் கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பால் வாங்கப் போயிருந்தார்.

"தம்பி, அந்த மனையிலயே கட்டிக்கலாம்னு ஒங்க அண்ணங்கிட்ட சொல்லுங்க."

நான் கயிற்றை விட்டுவிட்டேன். "நீங்கதானே அண்ணி வரமாட்டேன்னீங்க."

"நான் அந்த ஊர்க்காரங்களுக்குத்தான் மறக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அவரு கைக்கே மறக்கல தம்பி. டவுன்ல போயி இருந்தா மறந்தாப்புல இருக்கும். ஒரு நாளு மறுபடியும் எறங்குனா மறுபடியும் கழட்டும்." ஒரு குண்டானை எடுத்து உள்ளே இன்னொன்றை வைத்தார். "தெனம் அந்தத் தெருவுல டீ குடிக்கப் போவட்டும், வரட்டும். நாலு ஜோடி தேயட்டும். நானும் கூடப் போறேன். கயிற புடிங்க."

அண்ணன் பாலோடு வந்தபோது நானே சொன்னேன். அவர் பால் பையை மேடையில் வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தார். தலையாட்டினார். அடுத்த வாரமே அஸ்திவாரத்துக்கு நூல் பிடித்தார்கள். அதைப் பார்க்க நான் அங்கே இல்லை.

திரும்பி வந்த பிறகு ஒரு சனிக்கிழமை இங்குள்ள நூலகத்தில் உட்கார்ந்து, சொற்களின் வரலாற்றைச் சொல்லும் பெரிய அகராதியில் நேட்டிவை மறுபடி தேடினேன். முன்பு வேர்வரை போய்த் திரும்பியிருந்தேன், இந்த முறை நடுவில் உள்ளதையும் படித்தேன். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு மிகப் பழைய பொருள்களில் ஒன்று பிறவி அடிமை. ஒரு பிரபுவின் நிலத்தில், அந்த நிலத்துக்குக் கட்டுப்பட்டவனாகப் பிறந்தவன். நிலம் அவனுடையது இல்லை, அவன்தான் நிலத்துடையவன், நிலம் கைமாறினால் அவனும் கைமாறுவான். தாய்நாடு, தாய்மொழி என்ற இனிப்பெல்லாம் அதன்மேல் பிறகு படிந்தது. இந்தியாவுக்குக் கப்பலில் வந்தபோது எதிரே நின்றவனைக் குறிக்கிற அலட்சியம் சேர்ந்தது. நாம் அதை வாங்கிப் பூர்வீகம் என்ற பெருமையைப் பூசினோம். அப்பாவை நினைத்துக்கொண்டேன். நேட்டிவ் எது என்று கேட்டால் நெய்வேலி என்று சொல்லிவந்த மனிதர், அந்தச் சொல்லின் பழைய பொருளில் அப்பழுக்கற்ற நேட்டிவாக இருந்திருக்கிறார். அன்றைய நாட்குறிப்பில் வானிலையும் வேலையும் எழுதினேன். சொல்லுக்கான வரியில் எதுவும் எழுதவில்லை.

இங்கே இப்போது குளிர்காலம். ஆனாலும் இந்த நாட்டு மக்களுக்கு வெறுங்காலில் நடப்பதில் ஒரு பிரியம். சூப்பர் மார்க்கெட்டில், தபால் அலுவலகத்தில், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள்கூட வெறுங்காலோடு வருவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன ஞாயிறு மாலை நான் வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தபோது மகள் கடற்கரையிலிருந்து திரும்பி வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், இங்கேயே பிறந்தவள். தெருவின் நடுவில், ஈரமான தார் ரோட்டில், வெறுங்காலோடு வந்தாள். செருப்பு இரண்டும் இடது கையின் இரண்டு விரல்களில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தது.

"போட்டுக்கொண்டு வா" என்று சொல்ல வாய்வரை வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. குளிரலையா?"

"சில்லுன்னு நல்லா இருக்கு. நீங்களும் கழட்டிப் பாருங்க."

அவள் கேலியாகச் சொல்லவில்லை, அழைத்தாள். வேலிக்கு வெளியே ஒரு அடி தள்ளி, எனக்காக நின்றுகொண்டும் இருந்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்தேன். கை செருப்பின் வார்வரை போயிற்று.